கண்டிகைச் சாலையில் லட்சுமிநரசு செட்டியார்

திருத்தணி மலையைப் பின்னால் விட்டுவிட்டுப் பஸ் சோளிங்கர் சாலையில் திரும்பியதும் காட்சி மாறிவிடுகிறது. சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளும் காவடிகளும் கண்ணிலிருந்து மறைய, கரும்பும் வேர்க்கடலையும் மாந்தோப்புகளும் எதிரே வருகின்றன. கே.ஜி.கண்டிகை இந்தச் சாலையில் இருக்கிறது. ஒரு பக்கம் முருகன் மலை, மறுபக்கம் சோளிங்கர் யோக நரசிம்மர் மலை. இரண்டுக்கும் போகும் கூட்டம் ஜன்னல் வழியே இந்த ஊரைப் பார்த்துக்கொண்டே கடந்துவிடும். நான் இங்கே இறங்கிக்கொண்டேன். என் மனத்தில் இருந்தவர் இந்த ஊர்க்காரர் அல்லர். சென்னைப் பட்டணத்தின் துணி வணிகர், காஜுலு லட்சுமிநரசு செட்டி. 1806-இல் பிறந்து 1868-இல் மறைந்தவர். சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் ஆரம்ப நாட்களில் அதில் உட்கார்ந்த மிகச் சில இந்தியர்களில் ஒருவர்.

பட்டணத்துக்காரரை நினைத்துக்கொண்டு எல்லையோரக் கிராமத்துக்கு வருவானேன் என்று கேட்கலாம். அவர் வாழ்க்கையின் பெரும் பகுதி யாருக்காகச் செலவானதோ அந்தச் சனங்கள் இந்த மாதிரி ஊர்களில்தான் இருந்தார்கள். ஏரியை நம்பி விதைத்தவர்கள், தறியை நம்பி உண்டவர்கள், கிஸ்தி கட்ட வழியில்லாமல் கச்சேரி வாசலில் நின்றவர்கள். கோட்டையையும் துறைமுகத்தையும் பார்த்து அவர் செல்வத்தைப் புரிந்துகொள்ளலாம். அந்தச் செல்வத்தை அவர் எதற்காகக் கரைத்தார் என்பது புரிய வேண்டுமானால் உள்நாட்டுச் சாலைகளில் நடக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கண்டிகைக் கடைத்தெருவில் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தால் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்துக்குள் வந்து போவதைக் கேட்கலாம். ஆரம்பிப்பது ஒரு மொழியில், முடிப்பது இன்னொன்றில். இந்தப் பகுதியின் சரித்திரமே அப்படித்தான். செட்டியார் காலத்தில் திருத்தணியும் சுற்றுவட்டாரமும் கார்வேட்நகர் ஜமீனைச் சேர்ந்தவை. மாவட்டம் வட ஆற்காடு. 1911-இல் சித்தூர் மாவட்டம் உண்டானபோது அதனோடு போயின. பிறகு ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய எல்லைப் போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு எல்லாம் கடந்து, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. செட்டியாரும் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்து, சென்னையில் வளர்ந்து, தமிழ் உழவனுக்கும் தெலுங்கு உழவனுக்கும் சேர்த்து மனு எழுதியவர். எல்லைக்கோடு போடப்படாத காலத்து மனிதர் அவர். இந்த டீக்கடைப் பேச்சு அவருக்கு அந்நியமாக இருந்திருக்காது.

பெஞ்சில் பக்கத்தில் இருந்த பெரியவரிடம் அந்தக் காலத்து வரி வசூல் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். "எங்க நைனா காலத்துல கிஸ்தி பாக்கி நின்னுதுன்னா ஜப்திக்கு வந்துடுவாங்க. அண்டா, குண்டா, மாடு, கன்னு எதையும் உட மாட்டாங்க. வாசல்ல வெச்சி ஏலம் போட்டுட்டுப் போயினே இருப்பாங்க" என்றார். அவமானம்தான் பெரிய தண்டனை, காசு அதற்கடுத்ததுதான் என்றும் சொன்னார். அவர் அப்பா காலத்தில் போனது பாத்திரம். அதற்கு மூன்று நான்கு தலைமுறைக்கு முன்னால் உடம்பையே பிடித்தார்கள்.

கிட்டி என்று ஒன்று இருந்தது. இரண்டு குச்சிகளை ஒரு முனையில் கட்டி, நடுவில் விரல்களை வைத்து, மறுமுனையை நெரிப்பது. அண்ணாந்தாள் என்று இன்னொன்று. மனிதனை வளைத்துக் கயிற்றால் கழுத்தையும் காலையும் பிணைத்து வெயிலில் நிறுத்துவது, சில சமயம் முதுகில் கல்லும் ஏற்றுவது. களவாடியவர்களுக்கு மட்டும் என்று இவை இருக்கவில்லை. வரி பாக்கி வைத்த குடியானவர்களுக்கும் நடந்தது. 1816-ஆம் வருஷத்துச் சட்டப்படி தாசில்தாரே தாலுக்காவின் போலீஸ் தலைவரும் ஆவார். வரி கேட்பவரும் அவர், அடிக்க ஆள் அனுப்புபவரும் அவர், புகாரைக் கேட்க வேண்டியவரும் அவர். விரல் நசுங்கிய மனிதன் யாரிடம் போய்ச் சொல்வான்?

இந்தக் கேள்விக்கு ஒரு துணி வணிகர் விடை தேடப் புறப்பட்டதுதான் எனக்கு ஆச்சரியம்.

லட்சுமிநரசுவின் தந்தை சித்துலு செட்டி அவுரியும் துணியும் விற்றவர். மகன் அந்தக் கடையிலேயே தொழில் பழகி, "மதராஸ் கைக்குட்டை" வியாபாரத்தில் உயர்ந்தார். கைக்குட்டை என்றால் சட்டைப்பையில் வைப்பது இல்லை. முப்பத்தாறு அங்குலச் சதுரமாகக் கட்டம் போட்ட பருத்தித் துணி. எட்டுச் சதுரங்கள் சேர்ந்தது ஒரு துண்டு. பழவேற்காடு தொடங்கிச் சோழமண்டலக் கரையில் நெய்து, சாயம் தோய்த்து, கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் போயிற்று. மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் பெண்கள் தலையில் கட்டிக்கொள்ளும் கட்டத்துணிக்கு இன்றைக்கும் "மதராஸ்" என்றே பெயர். நைஜீரியாவின் களபாரி மக்கள் பிறப்பிலும் இறப்பிலும் இந்தத் துணியைத்தான் உடுத்துகிறார்கள். அடிமை வியாபாரத்திலும் இந்தத் துணி கைமாறியிருக்கிறது என்ற கசப்பையும் மறக்கக்கூடாது. இந்தச் சரக்கில் செட்டியார் நல்ல செல்வம் சேர்த்தார்.

சேர்த்ததைக் கொண்டு அவர் முதலில் செய்தது பத்திரிகை நடத்தியது. 1844 அக்டோபரில் "கிரசென்ட்" வெளிவந்தது. சென்னையில் இந்தியர் ஒருவருக்குச் சொந்தமாக, இந்தியர் தரப்பைப் பேச வந்த ஆங்கிலப் பத்திரிகை. எட்வர்ட் ஹார்லி என்ற ஆங்கிலேயரை ஆசிரியராக அமர்த்தினார். அரசாங்கத்துக்கு இது தொடக்கத்திலேயே பிடிக்கவில்லை. பத்திரிகையின் விளம்பரத்தைக் கோட்டையின் அரசிதழ் போட மறுத்தது. 1846-இல் ஆளுநர் ட்வீட்டேல் பிரபு அரசாங்கப் பள்ளியில் பைபிளைப் பாடமாக வைக்க முயன்றபோது செட்டியார் கூட்டம் கூட்டினார், கையெழுத்து வாங்கினார், மனுவைக் கடல் கடந்து அனுப்பினார். இங்கிலாந்திலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் ஆளுநரின் யோசனையை ஏற்கவில்லை.

அந்தக் காலத்து அவருடைய எல்லாப் போராட்டங்களிலும் நான் அவர் பக்கம் இல்லை. மதம் மாறிய இந்துவுக்குக் குடும்பச் சொத்தில் பங்கு உண்டு என்ற சட்டத்தை அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். 1850-இல் அந்தச் சட்டம் நிறைவேறியது, நிறைவேற வேண்டியதும்தான். நம்பிக்கையை மாற்றிக்கொண்டவனைத் தெருவில் நிறுத்துவது நியாயமாகாது. பட்டணத்துச் செல்வர்களின் பயம் அந்த எதிர்ப்பில் இருந்தது. ஆனால் 1852-க்குப் பிறகு அவர் போன வழி வேறு. பட்டணத்துச் செல்வர்களின் கவலைகளை விட்டு, அவர்களுக்கு முகம் தெரியாத மனிதர்களின் கவலைக்குள் அவர் இறங்கினார்.

1852 பிப்ரவரி 26 அன்று சென்னையில் ஒரு சங்கம் தொடங்கியது. கல்கத்தாவின் பிரிட்டிஷ் இந்தியன் அசோசியேஷனுக்குக் கிளையாக இருப்பதாக முதலில் ஏற்பாடு. சில மாதங்களிலேயே பிரிந்துவிட்டார்கள். கல்கத்தாக்காரர்கள் பெரும்பாலும் ஜமீன்தார்கள்; அவர்களுடைய மனுவில் குடியானவனின் துயரத்துக்கு இடம் சிறியதாக இருந்தது. சென்னைக்காரர்களுக்கு அதுவே முதல் விஷயம். ஆகவே மதராஸ் நேட்டிவ் அசோசியேஷன் என்று தனிப்பெயரோடு தனி மனு எழுதினார்கள். கம்பெனியின் சாசனம் 1853-இல் புதுப்பிக்கப்பட இருந்தது. லண்டனில் யாராவது காது கொடுப்பார்கள் என்றால் அந்தச் சமயம்தான்.

அந்த மனுவைப் படிக்கும்போது அதன் விவரமான கோபம் என்னைத் தொட்டது. உப்புக்கு வரி, கோர்ட்டில் இழுத்தடிப்பு, சாலை இல்லாமை, ஏரிகள் தூர்ந்துபோனது, பள்ளிக்கூடம் இல்லாதது என்று ஒவ்வொன்றாகப் போகிறது. மொகதர்பா என்ற தொழில்வரிக்கு வரும்போது எழுத்தில் சூடு ஏறுகிறது. நெசவாளி, தச்சர், உலோக வேலைக்காரர், கடைக்காரர், தெருவோரம் கூறுகட்டி விற்பவர் என ஒருவரையும் விடாத வரி அது. ஒருவரிடம் கருவிக்கு வரி, இன்னொருவரிடம் விற்க அனுமதிக்கு வரி. தொழிலாளியின் கருவி என்ன விலையோ, வரி அதைப்போல் ஆறு மடங்குவரை போனதாக மனு சொல்கிறது. இதை எழுதியவர்கள் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குக் கேட்டிருக்க வேண்டும். கைக்குட்டை வாங்கி விற்ற செட்டியாருக்கு நெசவாளியின் கணக்கு தெரியாமல் இருந்திருக்காது.

கண்டிகையிலிருந்து ஆர்.கே.பேட்டைப் பக்கம் போனால் தறிச் சத்தம் காதில் விழ ஆரம்பிக்கும். அம்மையார்குப்பத்தில் தெருவுக்குள் நுழைந்தால் வீட்டுக்கு வீடு அதே ஓசை. இப்போது விசைத்தறிதான் அதிகம். லுங்கியும் சேலையும் ஓடுகின்றன. ஒரு வீட்டில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவரிடம் அனுமதி கேட்டு உள்ளே போனேன். பாவு அறுந்த இடத்தில் தறியை நிறுத்திவிட்டு இழை முடிந்தபடியே பேசினார். நூலும் பாவும் முதலாளி கொடுப்பார். இவருக்கு மீட்டர் கணக்கில் கூலி. கரண்டு போனால் கூலி போயிற்று. தறி சொந்தம், ஆனால் துணியின் விலையை இவர் சொல்ல முடியாது.

"தறிக்கு வரி போட்டாங்களா? கருவிய விட ஆறு பங்கா?" என்று திரும்பக் கேட்டார். ஆமாம் அண்ணா, கம்பெனி ராஜ்யம் போன பிறகுதான் அது ஒழிந்தது என்றேன்.

"அது வேணான்னு எழுதிப் போட்டது யாரு, நெசவுக்காரங்களா?"

"துணி வாங்கி வித்த ஒரு செட்டியார்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "வாங்கி விக்கிறவரா" என்றார், அழுத்தி. பிறகு மறுபடி ஸ்விட்சைப் போட்டார். சத்தத்தில் பேச்சு நின்றுவிட்டது. அவர் அழுத்திச் சொன்னதன் நியாயம் எனக்குப் புரிந்தது. நெய்பவருக்கும் வாங்கி விற்பவருக்கும் நடுவில் காலங்காலமாக உள்ள கணக்கு அது. அந்தக் கணக்கின் லாபப் பக்கத்தில் இருந்தவர், நஷ்டப் பக்கத்தில் இருந்தவருக்காகப் பணம் செலவழித்தார் என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம். மனு என்பது வெறும் தாளில்லை அன்றைக்கு. செய்தி திரட்ட ஆள் வேண்டும், ஆங்கிலத்தில் எழுத ஆள் வேண்டும், ஊர் ஊராகக் கையெழுத்துச் சேர்க்க வேண்டும், அச்சடிக்க வேண்டும், கப்பலில் அனுப்பி லண்டனில் எடுத்துச் சொல்ல ஒருவரைப் பிடிக்க வேண்டும். எல்லாம் காசு. குடியானவனிடம் உண்மை இருந்தது, காசு இல்லை. செட்டியார் தன் காசை அந்த உண்மைக்குக் கூலியாகக் கொடுத்தார்.

லண்டனில் இந்தியச் சீர்திருத்தச் சங்கத்தின் தலைவராக இருந்த நாடாளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோர் 1853-இல் சென்னைக்கு வந்தார். செட்டியார் அவரை வரவேற்று விருந்து கொடுத்ததோடு விட்டுவிடவில்லை. உள்மாவட்டங்களுக்குக் கூட்டிக்கொண்டு போனார். இன்றைக்குச் சென்னையிலிருந்து திருத்தணிக்கு மின்சார ரயிலில் காலையில் ஏறி, வெயில் ஏறுமுன் இறங்கிவிடலாம். அன்று தென்னிந்தியாவில் ரயிலே கிடையாது. ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை முதல் வண்டி ஓடியது 1856 ஜூலை 1-இல்தான். மாட்டு வண்டியும் பல்லக்கும் சத்திரத்துத் திண்ணையும்தான் பயணம். வெள்ளைக்காரக் கனவான் ஒருவருக்குக் கலெக்டர் காட்டும் ஊர் ஒன்று, குடியானவன் காட்டும் ஊர் வேறு. இரண்டாவதைச் சீமோர் பார்க்க வேண்டும் என்பதில் செட்டியார் உறுதியாக இருந்தார். வரிக்காக மனிதர்கள் வதைக்கப்படுவதன் சாட்சியங்களோடு சீமோர் ஊர் திரும்பினார்.

1854 ஜூலையில் நாடாளுமன்றத்தில் இந்த விஷயம் எழுந்தது. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று ஒரேயடியாக மறுத்தவர்களும் அங்கே இருந்தார்கள். விசாரணைக் கமிஷன் அமைந்தது; எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் என மூன்று பேர். சென்னையில் உட்கார்ந்துகொண்டு, புகார் உள்ளவர்கள் வரலாம் என்று அறிவித்தார்கள். சில மாதங்களுக்குள் 1,959 புகார்கள் குவிந்தன. தபாலில் எழுதியவர்கள் 1,440 பேர். நேரில் வந்தவர்கள் 519 பேர். நூறு மைல், இருநூறு மைல், முந்நூறு மைலுக்கு மேல் பயணம் செய்து வந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். கண்டிகைச் சாலையில் நின்று இந்தத் தொலைவை நினைத்துப் பார்த்தேன். ரயில் இல்லாத காலத்தில், தன்னை அடித்த அதிகாரியின் எல்லையைத் தாண்டி, பட்டணத்தில் முன்பின் தெரியாத மூன்று வெள்ளைக்காரர்களிடம் போய் நான் அடிபட்டேன் என்று சொல்லக் கிளம்பியவனின் துணிச்சல் சாதாரணமானது அல்ல. திரும்பி வந்தால் அதே தாசில்தார்தான் இருப்பார் என்று தெரிந்தே போனார்கள்.

1855-இல் அறிக்கை வெளிவந்தது. வதை நடப்பது உண்மை என்று கமிஷனே எழுதிவிட்டது, மறுத்தவர்கள் வாயடைத்தார்கள். கிட்டியும் அண்ணாந்தாளும் ஆங்கில அச்சில் ஏறின. இரண்டு வருஷம் கழித்து, 1857-இல், கிளர்ச்சி செய்த சிப்பாய்களின் கொடுமைகளைப் பற்றி இங்கிலாந்து கொதித்துக்கொண்டிருந்தபோது, கார்ல் மார்க்ஸ் இந்தச் சென்னை அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு நியூயார்க் டெய்லி டிரிப்யூன் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். இப்படி ஆண்டவர்களை இந்திய மக்கள் வெளியேற்ற நினைத்தால் அதில் தவறென்ன என்பது அவர் வாதம். மதராஸ் கைக்குட்டை விற்ற பணம் போட்ட விதையின் ஒரு கிளை அங்கே போய் நின்றது.

கம்பெனி ஆட்சியே வேண்டாம், இங்கிலாந்து அரசியே நேராக ஆளட்டும் என்று 14,000 பேர் கையெழுத்திட்ட மனு ஒன்றும் 1855-இல் சென்னையிலிருந்து போயிற்று. இன்றைக்கு நமக்கு அது போதாத கோரிக்கையாகத் தெரியலாம். கம்பெனியின் கிட்டியில் விரல் இருந்தவனுக்கு அது பெரிய கோரிக்கை. 1858-இல் கம்பெனி போய் அரசியின் ஆட்சி வந்தது.

புதிய ஆட்சி செட்டியாருக்கு "இந்திய நட்சத்திரம்" என்ற வரிசையில் சி.எஸ்.ஐ. பட்டம் கொடுத்தது. 1861-ஆம் வருஷத்து இந்தியக் கவுன்சில் சட்டப்படி ஆளுநரின் சபையில் சட்டம் இயற்ற நான்கு முதல் எட்டு வரை கூடுதல் உறுப்பினர்களை நியமிக்கலாம் என்றானது. முதலில் வந்த இந்தியர் வழக்கறிஞர் சடகோபாச்சார்லு. அவர் மறைந்த பிறகு 1863-இல் செட்டியார் நியமிக்கப்பட்டார். அந்தச் சபையில் என்ன செய்யலாம்? அரசு கொண்டுவரும் மசோதாவைப் பற்றிப் பேசலாம். கேள்வி கேட்க முடியாது, வரவு செலவை விவாதிக்க முடியாது. 1852-இல் பதவி எதுவும் இல்லாமல் மனுவில் கேட்டதில் கால்வாசியைக்கூடப் பதவியோடு சபையில் கேட்க முடியாத நிலை. உறுப்பினர்கள் கேள்வி கேட்கும் உரிமை 1892-ஆம் வருஷத்துச் சட்டத்தில்தான் வந்தது. அப்போது செட்டியார் இறந்து 24 வருஷம் ஆகியிருந்தது. அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளில் சட்டமன்ற உறுப்பினர் என்பதை முதலில் எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால் கடைசியில்தான் எழுத வேண்டும்.

1868-இல் இறக்கும்போது கையில் ஒன்றும் மிச்சமில்லை. சித்துலு செட்டியின் கடை சேர்த்ததெல்லாம் பத்திரிகைக்கும் சங்கத்துக்கும் மனுக்களுக்கும் போயிருந்தது. சங்கமும் அவரோடு மங்கிப்போயிற்று. சென்னை மகாஜன சபை தோன்ற 1884 வரை ஆயிற்று. அதைத் தொடங்கியவர்களுக்கு முன்னால் ஒருவர் இதே ஊரில் இதே வேலையைத் தனிச் செலவில் செய்து முடித்திருந்தார்.

அவர் செய்ததில் ஒன்று திருத்தணியில் இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. மலைக்குப் போகும் அவசரத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். தாலுக்கா ஆபீஸ் ஓரிடத்தில், போலீஸ் ஸ்டேஷன் வேறிடத்தில். 1855 அறிக்கையின் விளைவாக, சென்னை மாகாணத்தில் 1859-இல் போலீஸ் சட்டம் வந்து, வரி வாங்குகிறவர் கையிலிருந்து தடியைப் பிடுங்கித் தனித்துறையிடம் கொடுத்தது. அதன் பிறகு போலீஸ் ஒழுங்காகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். லாக்கப்பில் சாவுகள் இன்றும் நடக்கின்றன, கிட்டி வேறு பெயர்களில் இருக்கிறது. ஆனாலும் பட்டா கேட்டுத் தாசில்தாரிடம் போகிறவர், அவர் தன்னை அடிக்க ஆள் வைத்திருப்பார் என்ற பயத்தோடு படியேறுவதில்லை. அந்தப் பயம் நீங்கியதில் லட்சுமிநரசு செட்டியாருக்குப் பங்கு உண்டு. முந்நூறு மைல் கடந்து வந்த அந்தப் பெயர் தெரியாதவர்களுக்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு.

தாலுக்கா ஆபீஸ் பக்கம் மனு எழுதித் தருபவர் ஒருவர் சின்ன மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் கிராமத்திலிருந்து வந்த வயதான அம்மா. ஏரிக்கால்வாயை யாரோ மறித்து வீடு கட்டிவிட்டார்களாம். இவர் நிலத்துக்குத் தண்ணீர் வரவில்லை. எழுதுபவர் "சிலர் ஆக்கிரமித்துள்ளனர்" என்று எழுதி வாசித்துக் காட்டினார். அந்த அம்மாவுக்கு ஒப்பவில்லை.

"சிலர்னா யாரு நைனா? மறிச்சவன் பேரு எனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். பேரப் போட்டு எழுது. அப்பறமா மறுபடி ஒருதரம் படிச்சிக் காட்டு."

எழுதுபவர் அந்தத் தாளை எடுத்து வைத்துவிட்டு, வேறு தாளில் முதலிலிருந்து எழுத ஆரம்பித்தார்.